அப்பா வலமாக, நான் இடமாக

அன்புள்ள கண்ணா,

ஆசீர்வாதம். இவ்விடம் எல்லாரும் க்ஷேமம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். அப்பா காலில் போட்டிருந்த கட்டை நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனவன் நீ. ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். கட்டுப் பிரித்தாயிற்று, புண் ஆறிவிட்டது, அப்பா மறுபடியும் நடக்கிறார், எனக்கும் அவருக்கும் பழையபடி காபியில் தொடங்கி ராத்திரி ரசம் வரைக்கும் சண்டை நடக்கிறது. இதற்குப் பெயர் க்ஷேமம் இல்லையென்றால் வேறு எதற்குப் பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

பெங்களூரில் உங்கள் அடுக்குமாடியிலேயே ஒரு வீடு காலியாகிறது, உடனே சொல்லி வைத்தால்தான் கிடைக்கும், "வரேளா இல்லையா, ஒரே வார்த்தைல சொல்லும்மா" என்று மெசேஜ் அனுப்பியிருந்தாய். நான் பார்த்துவிட்டதாக உனக்கு நீல நிறத்தில் காட்டியிருக்கும். பார்த்தும் ஏன் பதில் போடவில்லை என்று வித்யாவிடம் பத்து முறையாவது புலம்பியிருப்பாய். ஒரே வார்த்தையில் பதில் சொல்கிற பழக்கம் நம் குடும்பத்தில் யாருக்கு இருக்கிறது, சொல். சாம்பாரில் உப்பு இருக்கிறதா என்று கேட்டால்கூட உன் அப்பா, உப்பு எந்த ஊரில் விளைகிறது என்பதில் ஆரம்பிப்பார். தவிர, நீ கேட்டது ஒரே வார்த்தையில் சொல்லக்கூடிய விஷயமும் இல்லை. உனக்குத் தெரிந்ததெல்லாம் ஆஸ்பத்திரி மட்டும்தான். அதற்கு முன்னாலும் பின்னாலும் பார்க்கில் நடந்தது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் பதிலைச் சொன்னால் நீ கோபித்துக்கொள்வாய்.

போன வருஷம் டாக்டர் அப்பாவின் சர்க்கரை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாரே, அன்றைக்கு ஆரம்பித்தது இது. "நடக்கணும் சாமி. இல்லைன்னா பின்னாடி கால் விஷயம் பேச வேண்டி வரும்" என்றார். ரிட்டயர் ஆனதிலிருந்து உன் அப்பா செய்துவந்த ஒரே தேகப்பயிற்சி பேப்பர் புரட்டுவது. ஞாயிற்றுக்கிழமை இணைப்பு வேறு வருவதால் அன்றைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல். நான் கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன், சர்க்கரை டப்பாவை அரிசி டின்னுக்குள் ஒளித்துப் பார்த்தேன். நீ உன் பங்குக்குப் பெரிய விலையில் ஒரு ஜோடி ஷூ வாங்கி அனுப்பினாய். அப்பா அதை வெளியே எடுத்து, முகர்ந்து பார்த்து, "நன்னா பண்ணியிருக்கான்" என்று சொல்லிவிட்டுப் பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் நம் ரெசிடன்ட்ஸ் அசோசியேஷனுக்கு ஆவேசம் வந்தது. தெருக்கோடியில் கார்ப்பரேஷன் பார்க் இருக்கிறதே, அதில் சுற்றிவர நடைபாதைக்குத் தரை ஓடு பதித்து, ஓரத்தில் இரும்பில் உடற்பயிற்சிச் சாமான்களும் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். யாரும் தொடவில்லை. பக்கத்து வீட்டுக் கோமதி மாமி மட்டும் கை இழுக்கிற மிஷினில் வடகத் துணியைக் காயப்போட்டு அதற்கு ஒரு பிரயோஜனம் உண்டாக்கியிருந்தாள். இனி அப்படி விடக்கூடாது, வீட்டோடு எல்லாரும் காலையில் நடக்க வேண்டும், ஞாயிறு தோறும் ஷட்டில், கயிறிழுக்கிற வடம்வலி எல்லாம் வைக்க வேண்டும் என்று கமிட்டியில் முடிவாயிற்று. பொறுப்பு லதிகா டீச்சருக்கு. உனக்கு அவளை நேரில் தெரியாது. நீ ஊரை விட்டுப் போன பிறகு நாலாவது வீட்டுக்குக் குடிவந்த மலையாளி. பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வேலை போனாலும் விசில் கழுத்தை விட்டுப் போகவில்லை. கறிகாய் வாங்கப் போகும்போதுகூடத் தொங்கிக்கொண்டிருக்கும்.

அவள் கெட்டிக்காரி. அப்பாவிடம் வந்து சர்க்கரை, கொழுப்பு என்று ஒரு வார்த்தை பேசவில்லை. "சாமி, நாளைக்கு உத்காடனம். சீனியர் மெம்பர் சாமிதான். ரிப்பன் முறிக்கணும், கேட்டோ" என்றாள். திறப்பு விழாவுக்கு அழைத்தால் உன் அப்பா இல்லை என்று சொன்ன சரித்திரம் உண்டா? அன்று சாயங்காலம் முழுவதும் கண்ணாடி முன்னால் நின்று, மலையாள ஊராயிற்றே என்று மலையாளத்தில் பேசிப் பழகினார். மறுநாள் ரிப்பனை வெட்டினார். கைதட்டல் ஓய்வதற்குள் லதிகா டீச்சர் விசிலை ஊதி, "இனி ஆத்யத்தெ ரவுண்டு சாமியுடெ வக" என்றுவிட்டாள். முதல் சுற்று அவருடையதாம். இத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? நடந்தார்.

அங்கேதான் வந்தது வினை. நம் தெருக்காரர்கள் அத்தனை பேரும் பார்க் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைந்திருந்தோம். யாரும் சொல்லவில்லை, யோசிக்கவும் இல்லை. காலையில் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, கும்பலாக ஒரு இடத்துக்குள் சுற்றப்போனால் கால் தானாகவே செருப்பை உதறிவிடுகிறது. நீ அனுப்பிய ஷூவை அப்பா அன்றைக்கென்று போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதை வாசல் ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு வெறுங்காலோடு போனார். அன்று முதல் உன் ஷூ தினமும் பார்க்குக்கு வந்து, வாசலில் உட்கார்ந்து காற்று வாங்கிவிட்டு வீடு திரும்பியது. லதிகா டீச்சர் அந்தச் செருப்பு வரிசையைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "சாமி, இது அம்பலமல்ல, பார்க்காணு!" என்றாள். கோவில் இல்லை, பார்க் என்று எங்களுக்கும் தெரியும். காலுக்குத் தெரிய வேண்டுமே.

அடுத்தது திசை. அப்பா வலமாகச் சுற்ற ஆரம்பித்தார், பின்னாலேயே நம் தெரு முழுவதும். நடுவில் என்ன இருக்கிறது என்று நினைக்கிறாய்? பிள்ளையாரும் இல்லை, அரசமரமும் இல்லை. தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் ஷெட். தகரக் கதவும் அதில் ஒரு மண்டையோட்டுப் படமும். அதைத்தான் நாங்கள் பயபக்தியோடு பிரதட்சணம் வந்தோம். அப்பா வாய்க்குள் ஸ்தோத்திரம் வேறு சொல்லிக்கொண்டார். கோமதி மாமி சுற்று முடிந்ததும் ஷெட்டைப் பார்த்துக் கையைக் கூப்பி, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். போட்ட பிறகுதான் மண்டையோடு கண்ணில் பட்டது. "ஐயய்யோ" என்றாள். ஆனாலும் போட்டது போட்டதுதானே. சுற்றி முடித்ததும், சந்நிதியிலிருந்து உடனே கிளம்பக்கூடாது என்பதற்காக எல்லாரும் சேர்ந்தாற்போல் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்தோம். லதிகா டீச்சர் பதறி ஓடிவந்து, நடந்த உடனே உட்காரக்கூடாது, மெல்ல மெல்லத்தான் நிறுத்த வேண்டும் என்றாள். எழுந்தோம். அப்புறம் பிரசாதம் இல்லாமல் வீட்டுக்கு எப்படிப் போவது என்று மாமாக்கள் கூட்டமாக ஹோட்டலுக்குப் போய் உளுந்து வடை சாப்பிட்டார்கள். நடந்து குறைத்த சர்க்கரைக்கு வடை எண்ணெய் வந்து நஷ்டஈடு கொடுத்தது.

பார்க்குக்கு வருகிற மற்றத் தெருக்காரர்களெல்லாம் எங்களுக்கு எதிராக, இடமாகச் சுற்றினார்கள். மைதானத்தில் ஓடுகிறவர்கள் உலகம் முழுக்க அப்படித்தானாம். லதிகா டீச்சர் அதைச் சொன்ன விதத்தைப் பார்த்தால் அவளுக்கும் அது ஒரு ஆகமம் என்று தெரிந்தது. இரண்டு ஆகமமும் மோதிக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கிறாரே முருகேசன், நாங்குநேரிக்காரர், அவர் போனைப் பார்த்தபடி இடமாக ஓடிவந்தார். அப்பா கண்ணை மூடி ஸ்தோத்திரத்தோடு வலமாக வந்தார். வயிறும் வயிறும் முதலில் சந்தித்ததால் மூக்கு இரண்டும் தப்பின. "என்ன சாமி, ஒன்வேல எதுக்க வாறிய!" என்றார் முருகேசன். "நான் எதிர்க்க வரலை ஓய், நீர்தான் அப்பிரதட்சணமா வரீர்!" என்றார் அப்பா. இதற்காக அசோசியேஷன் கூட்டம் போட்டது. ஒருநாள் வலம், ஒருநாள் இடம் என்றார் ஒருவர். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் என்றார் இன்னொருவர். கடைசியில் லதிகா டீச்சர் பெயின்டை எடுத்து வந்து பாதையின் நடுவில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு போட்டாள். ரோட்டில் போவதுபோல அவரவர் இடது ஓரம். அப்படிப் பார்த்தால் வலம் வருகிறவர்களுக்கு வெளிச்சுற்று. எங்களை மட்டும் தள்ளி வைக்கிறார்கள் என்று அப்பா எகிறினார். அப்புறம் வெளிச்சுற்றுத்தான் பெரியது என்று உறைத்ததும் குரல் மாறிவிட்டது. "சுத்து பெரிசுன்னா புண்ணியமும் பெரிசாக்கும்" என்று தெருவுக்கே விளக்கம் சொன்னார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். உன் அப்பாவின் பின்னால் கொஞ்ச நாள் நடந்தேன். அங்கே பேசக்கூடாது, ஸ்தோத்திரம் தடைப்படும். எனக்கோ நடந்தால் பேச வேண்டும், பேசாவிட்டால் மூச்சு வாங்கும். கல்யாணமான நாளிலிருந்து எந்தக் கோவிலுக்குப் போனாலும் அவர் முன்னால், நான் பின்னால். அவருடைய பின்கழுத்தைப் பார்த்த அளவுக்கு முகத்தை நான் பார்த்ததில்லை என்று வைத்துக்கொள். ஒருநாள் லதிகா டீச்சர் கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "சேச்சி, இங்கோட்டு வா, ஷட்டிலுக்கு ஆளில்லை, நடந்துகொண்டே பேசலாம்" என்றாள். நான் கோட்டைத் தாண்டினேன். ஒரு கோடு தாண்டியதற்குக் காவியமே உண்டாகிற நாடு இது. எனக்குக் கிடைத்தது அன்றைக்குக் காபி குடிக்கும்வரை அப்பாவின் மௌனம் மட்டும்தான். அப்புறம், "மோட்டார் ஷெட்டா இருந்தா என்ன, அப்பிரதட்சணம் அப்பிரதட்சணம்தான். ஏதாவது ஆச்சுன்னா என்னைக் கேக்காதே" என்றார். "ஷெட்டுக்குக் கோபம் வந்தா தண்ணி வராது, அவ்வளவுதானே" என்றேன். கண்ணா, சத்தியமாகச் சொல்கிறேன், மறுநாள் அந்த மோட்டார் எரிந்துபோய்த் தெருவுக்கே தண்ணீர் இல்லை. அப்பா அன்று முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வையைச் சுமந்ததற்கு லாரித் தண்ணீரில் இன்னும் ஒரு குடம் கூடுதலாகவே சுமந்திருக்கலாம்.

ஆனாலும் நான் பக்கம் மாறவில்லை. சுடிதார் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை முருகேசன் பெண்டாட்டியோடு ஜோடி சேர்ந்து ஷட்டில் ஆடுகிறேன். என் சர்வீஸ் பெரும்பாலும் ஷெட் கூரைக்குத்தான் போகிறது என்றாலும் அடி பலமாக இருக்கிறது என்று எல்லாரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. அப்பா வலமாக வருகிறார், நான் இடமாக வருகிறேன். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை நேருக்கு நேர் பார்த்துக்கொள்கிறோம். முதலில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அப்புறம் ஒருநாள், தாண்டுகிற நேரத்தில், "காஸ் சிலிண்டருக்குச் சொல்லியாச்சா?" என்றார். பதில் சொல்வதற்குள் போய்விட்டார். அரைச் சுற்று கழித்து மறுபடி எதிரே வந்தபோது "ஆச்சு" என்றேன். அடுத்த சந்திப்பில், "எப்ப வருமாம்?" அதற்கடுத்ததில், "வரும்போது வரும்." இப்படியே எங்கள் சம்சாரம் தவணை முறையில் நடந்தது.

இதில் ஒரு சௌகரியம் இருப்பதை நானாகக் கண்டுபிடித்தேன், நீயும் வித்யாவும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு பேச்சுக்கு உடனே எதிர்ப்பேச்சு கிளம்பிவிடும். பார்க்கில் எதிர்ப்பேச்சுக்கு அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்குள் மூச்சு வாங்கும், கோபத்தில் பாதி இறங்கிவிடும், மீதிப் பாதியை லதிகா டீச்சரிடம் சொல்லித் தீர்த்துவிடலாம். எதிரே வரும்போது சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது, சிரிப்புத்தான் வரும். ஒருநாள் தாண்டும்போது அப்பா, "நீ நன்னா நடக்கறே" என்றார். வீட்டில் இப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை. அந்த அரைச் சுற்றும் என் முகம் என்னவோ ஆயிருக்க வேண்டும், "எந்தா சேச்சி?" என்று லதிகா டீச்சர் கேட்டுக்கொண்டே வந்தாள். நான் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்கிறேன், எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

கால் விஷயமும் அப்படித்தான் தெரிந்தது. அன்றைக்கு அப்பா எதிரே வந்தபோது முகம் சரியில்லை. கண் சிவந்திருந்தது, நடை ஒரு பக்கமாக இழுத்தது. "என்ன கால்?" என்றேன். அரைச் சுற்று. "ஒண்ணுமில்லை." அரைச் சுற்று. "காட்டுங்கோ." அரைச் சுற்று. "நடந்துண்டே எப்படிக் காட்டறது?" அதற்குமேல் என்னால் தவணையில் பேச முடியவில்லை. கோட்டைத் தாண்டி அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன், பின்னால் வந்த மாமாக்களெல்லாம் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளங்காலில் உடைந்த ஓட்டின் விளிம்பு கிழித்திருக்கிறது. எப்போது கிழித்தது என்று அவருக்கே தெரியவில்லை, சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி போய்விடுமாமே. உடம்பு கொதித்தது. முருகேசன்தான் தன் கடை வண்டியில் ஆணி மூட்டைகளுக்கு நடுவில் அப்பாவை உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே எழுதிவந்தேன், இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு விரலை எடுக்க வேண்டியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதும்தான் உனக்குப் போன் பண்ணினேன்.

நீ முதல் விமானத்தைப் பிடித்து வந்தாய். விரலும் தப்பியது. ஆனால் நீ வந்ததிலிருந்து போகிற வரைக்கும் எல்லாரையும் திட்டினாய். வெறுங்காலோடு நடந்ததற்கு அப்பாவை, பார்த்துக்கொண்டிருந்ததற்கு என்னை, ஊசி போட்டதற்கு நர்ஸை, ஓடு பதித்ததற்குக் கார்ப்பரேஷனை. லதிகா டீச்சரைப் போனில் கூப்பிட்டு, "உங்க ப்ரோக்ராமே வேண்டாம்" என்று கத்தினாய். அவளோ, மறுநாள் பிளாஸ்கில் ஓட்ஸ் கஞ்சியோடு வந்து நின்றாள். உனக்கும் சேர்த்துத்தான் கொண்டுவந்தாள், நீ குடித்தாய், யார் கொண்டுவந்தது என்று கேட்கவில்லை. பிறகு பெங்களூர்ப் பேச்சை எடுத்தாய். லிப்ட் இருக்கிறது, வழவழவென்று நடைபாதை இருக்கிறது, கிளப் ஹவுஸில் பெரியவர்களுக்கு யோகா இருக்கிறது என்று அடுக்கினாய். அப்பாவைக் கேட்டாய், "அம்மா இஷ்டம்" என்றார். என்னைக் கேட்டாய், "அப்பா இஷ்டம்" என்றேன். இரண்டு பேரும் சரி சொல்லிவிட்டார்கள் என்று நீ எடுத்துக்கொண்டாய். உன்மேல் தப்பில்லை. நாங்கள் பேசியதை எழுத்து மாறாமல் கோர்ட்டில் கொண்டுபோய் வைத்தாலும் அப்படித்தான் தீர்ப்பாகும்.

அப்பா திரும்ப நடக்கலாம், ஆனால் ஷூ இல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்கக்கூடாது என்றார் டாக்டர். பார்க் வாசலில் அப்பா ஷூவும் காலுமாக நின்று தயங்கினார். லதிகா டீச்சர் விறுவிறு என்று ஷெட் வரைக்கும் போனாள், தகரக் கதவுக்குப் பக்கத்தில் காதை வைத்தாள், திரும்பி வந்தாள். "ஞான் பெர்மிஷன் வாங்கிச்சு சாமி. ஷூ போட்டுகொண்டு வரான் பறஞ்சு" என்றாள். ஷூவோடு வரச் சொல்லி உத்தரவாம். அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே போனார்.

ஷூ வந்துவிட்டது, பேச்சு மட்டும் வரவில்லை. உன் வீட்டு விஷயத்தை இரண்டு பேருமே வாயைத் திறந்து எடுக்கவில்லை. எதிரே வரும்போதெல்லாம் பால், தபால், மழை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுத் தாண்டினோம். அவருக்குப் பிள்ளையோடு போய் இருக்க ஆசை, நான் வாயைத் திறந்து கெடுக்கக்கூடாது என்று நான் நினைத்தேன். உன் மெசேஜ் வந்த மறுநாள் காலையில் நான் பாதிச் சுற்று வந்தும் அவர் எதிரே வரவில்லை. சரி, நின்றிருப்பார் என்று நினைத்தேன். முழுச் சுற்று ஆயிற்று, அப்போதும் காணோம். லதிகா டீச்சரிடம் ஏதோ கேட்கத் திரும்பினால், என் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறார். கோட்டுக்கு இந்தப் பக்கம், இடமாக, மூச்சு இரைக்க. அப்பிரதட்சணமாக உன் அப்பா ஒரு அடி வைத்து இதுவரை யாரும் பார்த்ததில்லை. வெளிச்சுற்றில் வந்த கோமதி மாமி அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன இது, இந்தப் பக்கம்?" என்றேன்.

"சொல்ல வேண்டியது நீளமா இருக்கு. தாண்டறதுக்குள்ள முடியாது" என்றார்.

லதிகா டீச்சர் புரிந்துகொண்டு முன்னால் போய்விட்டாள். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். அப்புறம், "உனக்கு அங்க போகணும்னு ஆசையா?" என்றார்.

"எனக்கா? உங்களுக்குத்தானே ஆசை?"

"நான் எப்பச் சொன்னேன்?"

"அப்ப அவன்கிட்ட ஏன் என் இஷ்டம்னேள்?"

"நீ ஏன் என் இஷ்டம்னே?"

இரண்டு பேரும் நின்றுவிட்டோம். பின்னால் ஓடிவந்த முருகேசன், "சாமி, நிக்கணும்னா ஓரமா நில்லுங்க" என்று சொல்லிக்கொண்டே சுற்றிப் போனார். நான், "இப்பவே அவனைக் கூப்பிட்டு வரலைன்னு சொல்லிடறேன்" என்று போனை எடுத்தேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தனை பேர் நடக்கிற இடத்தில்.

"அதான் முடியலை. அவன் கோபமா இருந்தான்னுதானே நீ நினைச்சுண்டிருக்கே? நீ மருந்து வாங்கப் போயிருந்தே. நான் தூங்கறேன்னு நினைச்சுண்டு, கட்டுப் போட்ட காலைத் தூக்கி மடியில வெச்சுண்டு அழுதான். சத்தமே வரலை. சின்னதுல விழுந்தா அழுவானே, அந்த மாதிரி. நான் கண்ணைத் திறக்கலை. திறந்தா அவனுக்கு வெக்கமா போயிடும். அப்படி அழுதவன்கிட்ட வரமாட்டேன்னு நான் எப்படிடீ சொல்லுவேன்?"

அவரால் சொல்ல முடியவில்லை, அதனால் நான் சொல்கிறேன். நாங்கள் வரவில்லை, கண்ணா. அந்த வீட்டைப் பார்த்து வைக்க வேண்டாம். உன் நடைபாதை வழவழப்பாக இருக்கும், லிப்ட் இருக்கும், எல்லாம் சரி. அங்கே அப்பா மறுபடி பேப்பர் புரட்டத்தான் ஆரம்பிப்பார். அவர் எதிரே வரவில்லையென்றால் காணோமே என்று கேட்க அங்கே யார் இருக்கிறார்கள்? இங்கே ஒரு தெருவே கேட்கும், விசில் ஊதிக் கேட்கும். உன்னைவிட எங்களுக்கு மோட்டார் ஷெட் முக்கியம் என்று எடுத்துக்கொள்ளாதே. நீ எங்களைப் பற்றிப் பயப்படுகிறாய், அது எங்களுக்கு நன்றாகத் தெரியும். பயப்படாதே என்று சொல்லமாட்டேன், நானும்தான் பயப்படுகிறேன். பயத்தோடேயே இங்கே இருந்துகொள்கிறோம். நீயும் ராப்பகலாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாயாம், வித்யா சொன்னாள். எங்களுக்காகப் பார்த்த அந்த நடைபாதையில் அவளோடு நீ நட. எந்தப் பக்கமாக வேண்டுமானாலும் நட.

நீ அழுததை எழுதக்கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். நான் எழுதிவிட்டேன், அவர் கேட்டால் பார்த்துக்கொள்கிறேன். அவருக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரிய வேண்டும். அடுத்த தடவை வரும்போது, அவர் முழித்துக்கொண்டிருக்கும்போதே அவர் காலைப் பிடி. இழுத்துக்கொள்ள மாட்டார். நான் அவரிடமே கேட்டுவிட்டேன்.

உன்,
அம்மா